தூங்குகிறவளோடு ஒரு சண்டை

பெரிய டாக்டர் கத்தி பிடித்தால் ஊரே பேசும். மயக்க டாக்டரம்மா ஊசி போட்டால் போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. இதுதான் அந்த ஆஸ்பத்திரியின் நியாயம். பிழைத்து எழுந்தவர்கள் பழக்கூடையோடு பெரிய டாக்டரின் அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். அவரும் கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எல்லாம் அவன் செயல்" என்று விரலை மேலே காட்டுவார். அந்த 'அவன்' தன் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறான் என்கிற தோரணை அந்த விரலில் இருக்கும். அறுவை முடியும்வரை தலைமாட்டில் நின்று, மூச்சை ஊதி, ரத்த அழுத்தத்தைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்து, ஆளைத் திரும்ப எழுப்பிக் கொடுத்தவளைப் பற்றி அவர்களுக்கு நினைவிருப்பதெல்லாம் ஒன்றுதான். "ஒரு அம்மா முகத்துல எதையோ வச்சு அமுக்கினாங்க."

டாக்டரம்மாவுக்கு இதில் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. ஆனால் அதை வீட்டில் சொன்னால் புருஷன் சிரிப்பான். அவன் குடிநீர் வாரியத்தில் இருந்தான். எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது அவன் வேலை.

"உனக்கு ரத்தம், எனக்குத் தண்ணி. ரெண்டு பேரும் அழுத்தத்தை வச்சுத்தான் பொழைக்கிறோம். குழாயில தண்ணி வந்தா என்னை எவன் நெனக்கிறான்? வரலைன்னாதான் என் பேர் ஞாபகம் வரும்."

அது சரியான பேச்சுதான். மயக்க மருந்துகளுக்கெல்லாம் ஒரே குணம். ஆளைத் தூங்கவைக்கிற கையோடு ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். குழாய் தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். இறங்கினால் மூளைக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேராது. சரி என்று மருந்தைக் குறைத்தால் அழுத்தம் ஏறும், கூடவே ஆளும் விழித்துக்கொள்ளப் பார்ப்பார். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சின்ன சந்தில்தான் டாக்டரம்மா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

வீட்டிலும் அவளுக்கு அப்படியொரு சந்துதான். மேல்மாடியில் இவர்கள். கீழே நாத்தனாரின் இஸ்திரிக் கடை.

நாத்தனார் புருஷனுக்குத் தங்கை. கல்யாணம் ஒன்று நடந்து, அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த வாரமே கீழ் அறையைக் காலி செய்யச்சொல்லி மேஜையைப் போட்டு, கனமான இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டாள். காலையிலிருந்து அந்தி சாயும்வரை நின்றே வேலை. ஈரத்துணியில் சூடு படுகிற வாசனை படிக்கட்டு வழியாக ஏறி மாடியில் குடியிருந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டுகளும் அவளிடம்தான் வரும். பெரிய டாக்டரின் கோட்டுக்குக் கழுத்துப்பட்டியில் கஞ்சி ஏற்றி அட்டை மாதிரி நிறுத்துவாள். "அந்தாளுக்குத் தலை நிக்கணும்ல, முட்டுக் கொடுக்கணும்" என்பாள்.

நல்ல வேலைக்காரி. ஆனால் அண்ணி சொல்லி ஒரு காரியம் செய்தாள் என்று அவள் வாழ்க்கையில் இல்லை. ரத்தக்கொதிப்பு வந்தது, உப்பைக் குறை என்றாள் டாக்டரம்மா. அன்றைக்கு மத்தியானம் அவித்த முட்டைக்கு உப்பு தூவவில்லை நாத்தனார், பூசினாள். தினமும் கொஞ்சம் நட என்றதும் நாற்காலி வாங்கிப்போட்டு உட்கார்ந்தே தேய்க்க ஆரம்பித்தாள். கால் வீங்குகிறது, சரி உட்கார்ந்தே செய் என்றதும் நாற்காலியை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

வழியைக் கண்டுபிடித்தது அண்ணன்காரன். "அவகிட்ட நேரா பேசாத. திருப்பிச் சொல்லு. சின்ன வயசுல மருந்து குடிக்கவைக்க எங்கம்மா, 'அவளுக்குக் குடுக்காதீங்க, அது அண்ணனுக்கு'ன்னு சொல்லுவாங்க. ஒரே மடக்குல குடிச்சிருவா."

அப்படித்தான் வீடு ஓடியது. "இன்னிக்குக் குளிருதே, கம்பளியெல்லாம் போட்டுக்காத" என்றால் போட்டுக்கொள்வாள். பித்தப்பையில் கல் வந்து வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தபோதும், "ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். அறுத்துத்தான் எடுக்கணும்பாங்க. உனக்குத் தாங்காது" என்றாள் டாக்டரம்மா. மறுநாள் காலையில் நாத்தனார் தானாகப் போய்ப் பெரிய டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

சொந்தக்காரிக்குத் தானே மயக்கம் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊருக்கு மயக்கம் கொடுக்க இருந்ததே அவள் ஒருத்திதான்.

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு வாரமாகத் தூறல் விடவில்லை. கடைக்குள் கயிறு கட்டி ஊரார் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தாள் நாத்தனார். கைகளை விரித்துக்கொண்டு ஆளில்லாத உடம்புகள் வரிசையாக நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டுதான் டாக்டரம்மா உள்ளே போக வேண்டியிருந்தது. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாத்தனார் தினமும் காலையில் போடும் ரத்தக்கொதிப்பு மாத்திரை குழாய்களைத் தளர்த்துகிற ஜாதி. சாதாரண நாளில் நல்லது. அறுவை நாளன்று அதைப் போட்டுக்கொண்டு வந்தால் மயக்க மருந்தும் அதுவும் கைகோத்துக்கொள்ளும். அழுத்தம் விழுந்தால் எழுப்புவது கஷ்டம். நாளைக்கு அதைப் போடக்கூடாது.

போடாதே என்று சொன்னால் போட்டுவிடுவாள். டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திரும்பிக்கொண்டது.

"நாளைக்குக் காலையில அந்தக் கொதிப்பு மாத்திரையை மறக்காம போட்டுட்டு வா. என்ன?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வெறும் வயித்துல வரச்சொன்னாங்களே."

"ஒரு வாய் தண்ணியோட போடலாம். கண்டிப்பா போடணும்."

"சரி" என்றாள் நாத்தனார்.

மாடிப்படி ஏறும்போது டாக்டரம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் அறுவை அறையில் சிஸ்டர் கேட்டாள். "காலையில ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"கொதிப்பு மாத்திரை. அண்ணி சொன்னாங்க, போட்டேன்."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா லேசாகக் கையை ஆட்டினாள். "அவ பேச்சு எனக்குத் தெரியும். நீங்க அடுத்ததைப் பாருங்க." வருஷக்கணக்காக ஒரு பூட்டைத் திறந்து பழகியவளின் அலட்சியம் அது.

மேஜைமேல் படுத்திருந்த நாத்தனார் சின்னதாகத் தெரிந்தாள். கடையில் நிற்கும்போது இவ்வளவு சின்ன ஆளாக இருந்ததில்லை. கைகள் மட்டும் பெரிதாக, சூடு பட்ட பழைய தழும்புகளோடு, வேறு யாருடையவோ போல இரண்டு பக்கமும் கிடந்தன.

"அண்ணி, நீங்க இங்கயேதான இருப்பீங்க?"

"வேற எங்க போறேன்? இது என் கடை."

நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் பால் மாதிரி வெள்ளை மருந்து கையில் ஏறிவிட்டது. சிரிப்பு பாதியில் நின்ற முகத்தோடு தூங்கிப்போனாள். தொண்டையில் குழாய் இறங்கியது, தசைகளை அசையவிடாத மருந்து ஏறியது. இமைகள் லேசாகத் திறந்துகொள்ளும் என்பதால் சிஸ்டர் கண்களின்மேல் பட்டை ஒட்டினாள்.

பெரிய டாக்டர் கையுறைக்குள் விரல்களை நுழைத்தபடி வந்தார். "துளை போடறோம், எடுக்கறோம், வர்றோம். வலைபோட்டு மீன் பிடிக்கிற மாதிரி." துளை வழியாக உள்ளே பார்த்தபோது பித்தப்பை சுற்றியிருந்த எல்லாவற்றோடும் ஒட்டிக் கிடந்தது. மீன் வலையைத் தின்றிருந்தது. "திறந்துதான் ஆகணும்" என்றார், அதுவும் தன் திட்டத்தில் இருந்ததுபோல.

அழுத்தம் அதற்கு முன்பே இறங்க ஆரம்பித்திருந்தது.

முதலில் டாக்டரம்மா பயப்படவில்லை. மயக்கம் ஏறியதும் கொஞ்சம் இறங்கும், எல்லோருக்கும் இறங்கும். நரம்பில் ஏறும் பாட்டில் தண்ணீரை வேகமாக ஓடவிட்டாள். குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொடுத்தாள். திரையில் எண் ஏறியது, சுற்றிப் பார்த்தது, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம். மறுபடி ஏறி மறுபடி இறங்கியது. இந்தமுறை பழைய இடத்துக்கும் கீழே. மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாய் செருகி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் பார்க்கும்படி செய்தாள். நூறுக்கு மேல் நிற்கவேண்டியது எழுபது. அறுபத்தைந்து. சுருக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடாமல் ஓடவிட்டாள். குழாய்கள் கேட்கவில்லை. காலாகாலமாகப் பேச்சு எடுபட்டு வந்த மருந்துகள் எல்லாம் அன்று காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல இருந்தன.

"மேடம், ரத்தமே கசியல. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார் பெரிய டாக்டர், ரசித்து.

"அது உங்க கைராசி இல்ல சார். கசியறதுக்கும் அழுத்தம் வேணும்."

அவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு அவர் ரசிக்கவில்லை.

மயக்க வாயுவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. குறைத்தாள். எண் கொஞ்சம் நின்றது. மறுபடி நழுவியது. மறுபடி குறைத்தாள். சந்தின் சுவர் தோளில் உரசுகிற இடத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் குறைத்தால் தூக்கம் என்று சொல்லமுடியாது.

நாத்தனாரின் நெற்றியில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. "இங்க வந்தும் அடமா?" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். "இங்கயாவது சொன்ன பேச்சைக் கேளேன்."

எண் ஏறியது.

டாக்டரம்மா மருந்து எதையும் தொட்டிருக்கவில்லை. அறுபத்திரண்டு எழுபத்தாறு ஆகியிருந்தது. நாடியும் கூடியிருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

தற்செயல் என்று நினைத்தாள். "சிஸ்டர், அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

சிஸ்டர் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் அதட்டலாக ஏதோ கேட்டார். அதற்கும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா குனிந்து காதருகே சொன்னாள்: "உப்பை அள்ளி அள்ளித் தின்னியே."

ஏறியது.

அறைக்குள் கருவிகளின் சத்தம் நின்றது. பெரிய டாக்டரின் கைகள் அந்தரத்தில் இருந்தன. மூச்சு ஊதும் யந்திரம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கிடந்தது விரல்கூட அசைக்க முடியாத உடம்பு. கண் மூடி, வாயில் குழாய். அதற்குள் எங்கோ ஆழத்தில், இருட்டுக் கிணற்றின் அடியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதுபோல, ஒன்று தன் அண்ணியின் குரலை மட்டும் அடையாளம் கண்டு கோபப்பட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க பேசுங்க மேடம்" என்றார் பெரிய டாக்டர், தணிந்த குரலில். "நான் வேலையைப் பார்க்கறேன்." அவர் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அந்த அறையில் சொன்னதே இல்லை.

டாக்டரம்மா எண்ணையே பார்த்தாள். பேசினால் ஏறுகிறது. அப்படியென்றால் கேட்கிறது. கேட்கிறதென்றால் கத்தியும் தெரிகிறதா? வலியைக் கொல்லும் மருந்து போட்டிருக்கிறாள், போதுமான அளவு. போதுமா? பேச்சை நிறுத்தி ஆழமாகத் தூங்கவைத்தால் அழுத்தம் விழும், எழாது. பேசிக்கொண்டே இருந்தால் உயிர் இருக்கும். ஆனால் அந்த உயிர் எங்கே இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்கும்?

பேசினாள்.

"வந்த வாரமே கீழ் ரூமைக் காலி பண்ணச் சொன்ன. என் தையல் மெஷின் அங்க இருந்துச்சு. யார்கிட்ட கேட்ட? உங்கண்ணன்கிட்ட கேட்ட. அவர் தலையாட்டினார். அவர் எதுக்குத்தான் தலையாட்டல?" எண் ஏறியது. "என் பட்டுப் புடவையில பெட்டியை வச்சு எரிச்சிட்டு, மடிப்பை உள்ள வச்சுக் குடுத்தியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெரியும். தெரிஞ்சும் கட்டிக்கிட்டுப் போனேன், எரிஞ்ச இடத்தை இடுப்புல சொருகிக்கிட்டு."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். சண்டை என்றால் பதில் வர வேண்டும். இங்கே பதில் திரையில் வந்தது, பச்சை எண்ணாக. எழுபத்தெட்டு. எண்பது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழேயிருந்து யாரோ கைதூக்குவதுபோல.

"நடன்னா உக்காருவ. உக்காருன்னா நிப்ப. போர்த்திக்காதன்னாதான் போர்த்திக்குவ. நேரா ஒரு வார்த்தை உன்கிட்ட பேசமுடிஞ்சதா? ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு சொல்லித்தான் இங்க கொண்டாந்தேன். மாத்திரையைக் கண்டிப்பா போடுன்னு சொன்னாதான்…"

வாய் நின்றது.

அண்ணி சொன்னாங்க, போட்டேன்.

சுருங்காத குழாய்கள். கேட்காத மருந்துகள். ஒரு வாய் தண்ணீரோடு, வெறும் வயிற்றில், சொன்னபடியே. அறுவைக்குப் போகிற பயத்தில் ஒரு மனுஷி வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியை நம்பியிருக்கிறாள்.

"சிஸ்டர்," டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. "மாத்திரை போட்டிருக்கா. இந்த மருந்துக்கெல்லாம் மசியாது. இதுக்கு வேற ஊசி இருக்கு, நம்மகிட்ட இல்ல. ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருதய ஆஸ்பத்திரியில இருக்கும். வண்டி அனுப்புங்க. உடனே."

வண்டி போய்த் திரும்பும்வரை குரல்தான் மருந்து.

சண்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன. சிறியவை முதலில் தீர்ந்தன. சொன்னதையே திரும்பச் சொன்னால் எண் ஏறவில்லை. அலுத்துப்போன காதுபோல அசையாமல் கிடந்தது. புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையாகவும் இருக்க வேண்டியிருந்தது. எப்படியோ அது வித்தியாசம் தெரிந்து வைத்திருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. பெரிய டாக்டர் முகமூடிக்கு மேலே கண்களை உயர்த்திப் பார்த்தார்.

டாக்டரம்மா காதோடு வாயை வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நீ இல்லாம அந்த வீடு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்திருக்கேன். ஒரு தடவை இல்ல. கீழ் ரூம் காலியா, சுவரெல்லாம் வெள்ளையடிச்சு, ஜன்னல் திறந்து. இஸ்திரி வாசனை இல்லாம. நல்லாத்தான் இருந்துச்சு. உனக்கு என்ன ஆச்சுங்கறதை மட்டும் அதுல நெனக்காம விட்டுருவேன்."

எண் எழுந்தது. தொண்ணூறு. நூற்றுப்பத்து. அவ்வளவு எந்த மருந்துக்கும் எழுந்ததில்லை. நாடி ஓடியது.

ஒட்டியிருந்த கண் பட்டையின் ஓரத்திலிருந்து ஒரு கோடு ஈரம் இறங்கி, காதுக்குப் பக்கத்தில் முடிக்குள் போய் மறைந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். அழுத்தம், நாடி, வியர்வை, கண்ணீர். ஆள் விழித்திருக்கிறாரா என்று பார்க்க, படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்த நான்கு அடையாளங்கள். நினைவை அழிக்கும் ஊசி ஒன்று உண்டு. எடுத்துப் போட்டாள். போட்ட பிறகு நடப்பதைத்தான் அது அழிக்கும், முன்னால் நடந்ததைத் தொடாது. அதுவும் அவளுக்கு மனப்பாடம்தான்.

பாலத்துக்கு அப்பாலிருந்து ஊசி வந்தது, நனைந்த உறையோடு. அது ஏறியதும் குழாய்கள் கதவு சாத்துவதுபோல ஒவ்வொன்றாகச் சுருங்கின. அழுத்தம் நின்றது. டாக்டரம்மா வாயுவைக் கூட்டி நாத்தனாரை ஆழத்துக்கு அனுப்பினாள். சோதனைக்கு, "ஏய்" என்றாள். எண் அசையவில்லை. கீழே யாரும் இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

வெளியே புருஷன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான், குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் காலால் தள்ளியபடி.

"இவ்வளவு நேரமா? என்னாச்சு?"

"அழுத்தம் இறங்கிருச்சு. இப்ப சரியாயிருச்சு."

"உன் குரலுக்கு என்னாச்சு?"

"பேசிக்கிட்டிருந்தேன்."

"யார்கூட?"

அவள் அவன் குடையை வாங்கி மடக்கினாள். "மாத்திரை போட்டாளாம்" என்றாள். "நான் சொன்னதால."

புருஷனுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் வழக்கமாக ஆட்டுகிற தலையை அவன் ஆட்டவில்லை.

மறுநாள் காலை தூறல் விட்டிருந்தது. வார்டு ஜன்னல் வழியாக வந்த வெயில் போர்வையின்மேல் கிடந்தது. நாத்தனார் தலையணையில் சாய்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். விரல்நுனியில் நாடி பார்க்கும் கவ்வி மாட்டியிருந்தது. தலைமாட்டு யந்திரப் பெட்டியின் திரையில் நாடியின் எண் சோம்பலாக நின்றது.

மயக்கம் தெளிந்தவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்பாள், வெற்றிலை போட்டுக்கொள்கிற மாதிரி சாதாரணமாக. இன்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, போர்வையின் மடிப்பை நீவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"தூங்கறதுக்கு முன்னால கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

"நீங்க இது என் கடைன்னு சொன்னீங்க." குழாய் போட்ட தொண்டை கரகரத்தது.

"முழிச்சப்போ?"

"அண்ணன் மூஞ்சி. தண்ணி வராத தெருவுக்குப் பதில் சொல்றவன் மாதிரி நின்னுச்சு."

"ரெண்டுக்கும் நடுவுல?"

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்க தொண்டையும் கட்டியிருக்கே அண்ணி. உங்களுக்கும் குழாய் போட்டாங்களா?"

"பேச்சை மாத்தாத. நடுவுல ஏதாவது தெரிஞ்சுதா? சத்தம், வலி, யாராவது பேசினது? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் நேரா கேக்கறேன். நீயும் நேரா சொல்லு."

"ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றாள் நாத்தனார். "நல்ல தூக்கம்."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலைமாட்டில் எண் ஏறியது. எழுபத்திரண்டு. எண்பத்தைந்து. தொண்ணூற்றெட்டு. டாக்டரம்மா அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நாத்தனார் பார்த்தாள். எண் நூறைத் தாண்டியது.

நாத்தனார் கையை எடுத்து, விரலிலிருந்து கவ்வியைக் கழற்றி, டம்ளருக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"விரல் வலிக்குது" என்றாள்.

பெட்டியில் கோடு நேராக ஓடியது. கட்டிலில் ஆள் இல்லை என்று அது கத்தத் தொடங்கியது. இரண்டு பேரும் அதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.